நான் பார்த்து வாங்கிய கம்ப்ரஸர்

எங்கள் வீட்டில் எனக்கு ஜட்ஜம்மா என்று பெயர். ஃபிரிட்ஜ் வாங்கினாலும் மெத்தை வாங்கினாலும் என்னைக் கூட்டிக்கொண்டுதான் கடைக்குப் போவார்கள். கேலிக்கு வைத்த பெயர்தான், நான் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டேன். நான் பார்க்கிற வேலையும் அப்படி. இருபத்திரண்டு வருஷமாக, அழுத்தம் காட்டும் பிரஷர் கேஜ்களைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கிற பட்டறையில் இருக்கிறேன். ஆஸ்பத்திரி, தொழிற்சாலை, பெட்ரோல் பங்க் என்று எங்கிருந்தெல்லாமோ கேஜ் வரும். முள் நிற்க வேண்டிய இடத்தில் நின்றால் கையெழுத்துப் போடுவேன், இல்லாவிட்டால் திருப்பி அனுப்புவேன். என் கையெழுத்தை இதுவரை யாரும் கேள்வி கேட்டதில்லை. கேட்டிருந்தால் நானும் சும்மா விட்டிருக்க மாட்டேன்.

என் தங்கை வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவேன். நாலு வார்த்தை பேச வேண்டிய இடத்தில் ஒரு வார்த்தையோடு நிறுத்திக்கொள்கிற மனுஷன். அந்த வேலையே என் சிபாரிசில் கிடைத்ததுதான். பள்ளி வண்டிகளைக் கவனிக்கும் மேனேஜர் ஒரு காலத்தில் எங்கள் பட்டறையில் என்னிடம் வேலை கற்றவர், நான் சொன்னால் தட்ட மாட்டார்.

வேன் நிற்கும் இடத்துக்கு அடுத்திருந்த பஞ்சர் கடையைப் போன வருஷம் மூடிவிட்டார்கள். விடியற்காலையில் டயரில் காற்றுக் குறைந்திருந்தால் எங்கே போவது? வண்டியிலேயே காற்றடிக்கிற சின்ன கம்ப்ரஸர் ஒன்று வைத்துக்கொள்ளலாம் என்று மாப்பிள்ளை நினைத்தார். நினைத்தவர் நேராகக் கடைக்குப் போயிருக்கலாம். என் தங்கையிடம் சொன்னார், அவள் என்னிடம் சொன்னாள், நான் கிளம்பிவிட்டேன்.

வெறுங்கையோடு போவேனா? பட்டறையில் மற்ற கேஜ்களைச் சரிபார்க்க வைத்திருக்கும் ஸ்டாண்டர்டு கேஜைத் துணியில் சுற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனேன். கடைக்காரர் ஐந்து மெஷின்களை எடுத்து வைத்தார். ஓரமாக இருந்த ஒரு பழைய டயரைக் கொண்டுவரச் சொல்லி, ஒவ்வொரு மெஷினாக மாட்டி, அதன் முள் காட்டுவதையும் என் கேஜ் காட்டுவதையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒன்று மூன்று பாயிண்ட் கூட்டிக் காட்டியது. இன்னொன்று இரண்டு குறைத்தது. கடைசியில் ஒரு குட்டி மெஷின், கையில் அடங்கிவிடும், அச்சு அசலாக என் கேஜ் சொன்னதையே சொன்னது. எனக்கு அதன்மேல் பாசமே வந்துவிட்டது.

நான் செய்த முட்டாள்தனத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஏறின காற்றை மெஷின் ஒழுங்காகச் சொல்கிறதா என்று பார்த்தேனே தவிர, காற்று எவ்வளவு வேகத்தில் ஏறுகிறது என்று பார்க்கவே இல்லை. எந்த மெஷினையும் ஒரு நிமிஷத்துக்கு மேல் ஓட்டவும் இல்லை. பட்டறையில் கேஜைத்தான் சோதிப்போம், காற்றடிக்கிற வேலை எங்களுக்கு இல்லை. வேறு யாராக இருந்தாலும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள்.

மாப்பிள்ளை அப்போது ஒரு பெரிய மெஷினைக் கையில் வைத்திருந்தார். பேட்டரியில் நேராக மாட்டுவதற்கு இரண்டு கிளிப் வைத்த கனமான மெஷின்.

"அக்கா, இது கொஞ்சம் பெருசு, வேனுக்கு…"

"வைங்க கீழ. அதோட முள்ளுதான் மூணு பாயிண்ட் புளுகுது."

கடைக்காரர் இடையில் வந்தார். "மேடம், வேன் டயருக்கு அவர் எடுத்ததுதான் தாங்கும். அந்தச் சின்னது என்னன்னா…"

"நீங்க விக்கிறவரு. நான் அளக்கிறவ. பில்லைப் போடுங்க."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்துக்கொண்டே பெரிய மெஷினை இருந்த இடத்தில் வைத்தார். அன்றைக்கு வீடு போய்ச் சேரும்வரை எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதற்கப்புறம் மூன்று மாதம், பார்க்கும்போதெல்லாம் கேட்பேன். "என்ன மாப்பிள்ளை, மெஷின் எப்படி?"

"முள்ளு கரெக்டா காட்டுதுக்கா," என்பார்.

வேறு எதுவும் சொன்னதில்லை. நானும் வேறு எதுவும் கேட்டதில்லை.

ஒரு வியாழக்கிழமை, காலை பத்து மணி இருக்கும். மேஜையில் பதினோரு கேஜ் வரிசையில் காத்திருந்தது. பள்ளி மேனேஜர் போன் செய்தார்.

"மேடம், உங்க மாப்பிள்ளை இன்னைக்கு ஒரு மணி நேரம் லேட். பதினெட்டுப் பிள்ளைங்க ரோட்டுல நின்னிருக்கு. பரீட்சை வேற. பெத்தவங்க எல்லாம் என் ரூம்ல நிக்கிறாங்க."

"அடக்கடவுளே! என்னவாம்?"

"டயர்ல ஆணி ஏறிடுச்சாம். ஆணியைப் பிடுங்கி ஓட்டையை அடைக்கப் பத்து நிமிஷந்தான் ஆச்சாம். காத்து ஏத்தத்தான் அம்பது நிமிஷமாம். நீங்க பாத்து வாங்கிக் கொடுத்த மெஷின்தானாமே? அவ்வளவு நேரம் ஆகுமா மேடம்?"

எனக்குச் சுருக்கென்றது. பிள்ளைகள் ரோட்டில் நின்றதற்காக இல்லை. நான் பார்த்து வாங்கிய மெஷினைக் குறை சொல்கிறாரே என்று.

"மெஷின் மேல சந்தேகமே வேண்டாம். நானே சோதிச்சு எடுத்தது. ஒரு டயருக்கு ஏழு நிமிஷம். அதுக்கு மேல ஒரு நிமிஷம்கூட ஆகாது."

அந்த ஏழு எங்கிருந்து வந்தது? மெஷின் வந்த அட்டைப்பெட்டியில் போட்டிருந்தது. பக்கத்தில் ஒரு காரின் படம். அது கார் என்பது அந்த நேரத்தில் என் புத்திக்கு எட்டவில்லை.

"அப்ப அவர் சொல்றது?"

"தூங்கியிருப்பாரு," என்று சொல்லிச் சிரித்தேன். "வேறென்ன?"

போனை வைத்துவிட்டு அடுத்த கேஜை எடுத்தேன். அந்த நிமிஷத்தை நினைத்தால் இப்போதும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

மத்தியானம் தங்கை போன் செய்தாள். குரலே சரியில்லை. "அக்கா, அவரைக் காலை வண்டியிலேர்ந்து தூக்கிட்டாங்க. சாயங்கால வண்டியும் எத்தனை நாளைக்குன்னு தெரியலையாம். நீ ஒரு வார்த்தை பேசேன்."

பேசுகிறேன் என்றேன். ஆனால் முதலில் மாப்பிள்ளையைப் பிடித்து நாலு கேள்வி கேட்காமல் எனக்கு ஆறாது. சாயங்காலம் அவர் பிள்ளைகளை இறக்கிவிட்டு வரும்போது நான் அவர்கள் வீட்டு வாசலில் நின்றேன்.

"ஏன் மாப்பிள்ளை, ஏழு நிமிஷ வேலையை அம்பது நிமிஷம்னு சொன்னா யாரு நம்புவா? எடுங்க மெஷினை. எப்படி அடிக்கிறதுன்னு நான் காட்டுறேன்."

அவர் வண்டியிலிருந்து மெஷினை எடுத்துக் கொடுத்தார். தங்கை கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். காலையில் ஓட்டையை அடைத்து முடித்தபோது எவ்வளவு காற்று இருந்தது என்று கேட்டேன். முப்பது என்றார். வேனுக்கு வேண்டியது ஐம்பத்தைந்து. அந்த டயரிலேயே காற்றை முப்பதுவரை இறக்கச் சொல்லி, மெஷினை மாட்டி, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். மெஷின் தடதடவென்று கத்தியது. முள் முப்பத்திரண்டு, முப்பத்துநாலு என்று ஊர்ந்தது. ஏழு நிமிஷம் ஆனது. முள் நாற்பதைத் தொட்டிருந்தது. எட்டாவது நிமிஷம் மெஷின் தானாக நின்றுவிட்டது. தொட்டுப் பார்த்தேன். கை சுட்டது. முள் நாற்பத்தொன்றில் நின்றது, ஒரு பாயிண்ட்கூடப் பிசகாமல்.

"என்ன ஆச்சு இதுக்கு?"

"சூடாயிடுச்சுக்கா. எட்டு நிமிஷம் ஓடினா தானா நின்னுடும். கால் மணி நேரம் ஆற வைக்கணும். கூட வந்த புத்தகத்துல போட்டிருக்கு."

அந்தப் புத்தகத்தை நான் பிரிக்கவே இல்லை. அவர் படித்திருக்கிறார்.

"எத்தனை தடவை ஆற வச்சீங்க?"

"ரெண்டு தடவைக்கா."

கணக்குப் போட்டுப் பார்த்தேன். அடிக்கிற நேரமும் ஆறுகிற நேரமும் சேர்ந்து ஏறக்குறைய ஐம்பது வந்தது. அவர் சொன்ன அதே ஐம்பது. அப்போதாவது வாயை மூடிக்கொண்டு இருந்தேனா?

"வெயில்ல வச்சிருந்திருப்பீங்க. அதான் சூடாகுது."

"எங்கக்கா வெயில்?" என்றாள் தங்கை. "மணி ஆறாகப் போகுது."

முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மெஷினையே பார்த்துக்கொண்டு கேட்டேன். "இத்தனை நாளா ஏன் சொல்லலை மாப்பிள்ளை?"

"மத்த நாள்ல ரெண்டு மூணு பாயிண்ட்தான் குறையும். அதுக்குப் போதும். நீங்களும் அவ்வளவு பாத்துப் பாத்து எடுத்தீங்க."

அங்கே நின்றபடியே மேனேஜருக்குப் போன் போட்டேன். தங்கைக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தேன். அதிலும் கொஞ்சம் பெருமைதான். பார், அக்கா எப்படிச் சரிபண்ணுகிறாள் என்று.

"தம்பி, காலையில நான் சொன்னது தப்பு. மெஷின்தான் போதலை. மாப்பிள்ளை சொன்னது சரி."

"மேடம், எனக்கு ஒண்ணும் புரியலை. அவரே எழுதிக் கொடுத்துட்டாரே."

"என்னன்னு?"

"தூங்கிட்டேன்னு. உங்க வீட்டு அக்காவே ஏழு நிமிஷம்னு சொல்றாங்க, தூங்கியிருப்பீங்கன்னும் சொல்றாங்க, நீங்க பொய் சொல்றீங்களா இல்ல அவங்க பொய் சொல்றாங்களான்னு கேட்டேன். பேப்பரை வாங்கி, தூங்கிட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டாரு. மெஷின் கோளாறுன்னா எச்சரிக்கையோட விட்டிருப்பேன் மேடம். தூங்கிட்டேன்னு எழுதிக் கொடுத்தவரை நம்பிப் பிள்ளைங்களை எப்படி ஏத்துறது?"

தங்கைக்கு இது தெரியாது. அவள் கணவனைப் பார்த்தாள். "நாலரைக்கே எழுந்து போனீங்களேங்க." அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "நீ சொன்னியா, தூங்கியிருப்பாருன்னு?"

"விளையாட்டுக்குச் சொன்னேன்டி."

"விளையாட்டுக்கா?" என்றாள். உள்ளே போய்விட்டாள். என்னை உள்ளே வா என்று கூப்பிடவில்லை. பிறந்ததிலிருந்து அவள் என்னை அப்படி வாசலில் விட்டுவிட்டுப் போனதில்லை.

மறுநாள் பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு மாப்பிள்ளையோடு மேனேஜர் அறைக்குப் போனேன். கையெழுத்தோடு ஒரு பேப்பர் இருக்கும்போது வாய்வார்த்தையை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது, மேலே பதில் சொல்லியாக வேண்டும் என்றார் மேனேஜர். நான் எழுதிக் கொடுத்தால் மேலே காட்டலாம் என்றார். வெள்ளைத்தாளை என் முன்னால் வைத்தார்.

ஒரு நாளைக்கு இருபது சான்றிதழ் எழுதுகிறவள் நான். அந்தத் தாளில் முதல் வரி எழுத எனக்குக் கை வரவில்லை. மெஷின் வேன் டயருக்குப் போதாது, தேர்ந்தெடுத்தது நான் என்று எழுதினேன். ஓட்டிப் பார்க்காமலே ஏழு நிமிஷம் என்று சொன்னதும் நான்தான் என்று எழுதினேன். அவர் தூங்கியிருப்பார் என்று நான் சொன்னது பொய் என்று எழுதும்போது, பக்கத்தில் நின்றுகொண்டிருந்த மாப்பிள்ளை மெல்லக் குனிந்தார்.

"அக்கா, பொய்னு எல்லாம் வேண்டாம். தவறுதலான்னு போட்டுக்கோங்க. போதும்."

தவறுதலா என்பது எவ்வளவு வசதியான வார்த்தை! பேனாவும் அதை எழுதத்தான் போனது. எழுதவில்லை. பொய் என்பதை அப்படியே விட்டு, கீழே கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, தள்ளி வைத்தேன்.

மேனேஜர் இரண்டு தடவை படித்தார். மாப்பிள்ளை எழுதிக் கொடுத்த தாளை மேஜைக்குள்ளிருந்து எடுத்துக் கிழித்துப் போட்டார். "திங்கக்கிழமையிலேர்ந்து காலை வண்டியும் நீங்களே எடுங்க," என்றார். எனக்கு மூச்சு வந்தது. போன வேலை முடிந்தது, எழுந்துவிடலாம் என்று கைப்பையை எடுத்தேன்.

மேனேஜருக்கு மனசு கேட்கவில்லை போல. கொஞ்சம் உரிமையோடுதான் கடிந்துகொண்டார். "ஏங்க, உள்ளதை நேத்தே என்கிட்டச் சொல்லியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்குமா?"

"சொன்னேனே சார்," என்றார் மாப்பிள்ளை. "நீங்க அக்காவைக் கேட்டீங்க."

அவர் குரலில் கோபம் இல்லை, நேரம் கேட்டால் நேரம் சொல்வது மாதிரிதான் சொன்னார். மேனேஜர் மேஜையைப் பார்த்தார். நான் கைப்பையின் ஜிப்பைத் திறந்தேன், மூடினேன், மறுபடியும் திறந்தேன்.

மாப்பிள்ளை வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டார். "வாங்கக்கா, உங்களைப் பட்டறையில விட்டுட்டுப் போறேன்," என்றார். லீவு போட்டிருக்கிறேன் என்று அவரிடம் சொல்லவில்லை. வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டிவிட்டு, அந்த வெயிலில் வீடுவரை நடந்தே போனேன்.