அலியன் பாய்ந்த காலபோகம்

போன மாரி மழைக்கு விதைத்த காலபோகத்தில், கதிர் முற்றி அறுவடைக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்த கிழமையில், மாங்குளத்துக்குக் கிழக்கே ஓர் அலியன் யானை வயல்களுக்கு மேலால் பாய்ந்து குளத்தோரம் இறங்கியது. நெல்லில் ஒரு கதிரும் சாயவில்லை. அதே கிழமை சந்தையில் பச்சை மிளகாய் விலை இறங்கியிருந்தது, தேங்காய் விலை ஏறியிருந்தது. அவற்றைப் பற்றியும் ஊரில் ஏறக்குறைய அதே அளவுக்குக் கதைத்தார்கள்.

யானையைப் பாயவைத்தவள் பிரேமிளா. ஏ9 வீதியில், ரயர் ஒட்டும் கடைக்குப் பக்கத்தில், ஒரு மேசையும் இரண்டு கதிரைகளும் மட்டுமே கொள்ளும் கடை அவளுடையது. பழைய ரீவி கேம்களின் கொன்ரோலர்களைத் திருத்துவதுதான் தொழில். உள்ளங்கை அளவான பெட்டி அது. இடது பெருவிரலுக்கு ஒரு சிலுவைப் பட்டன், திரையில் உள்ள ஆளை நடத்துவதற்கு. வலது பெருவிரலுக்கு இரண்டு வட்டப் பட்டன்கள், ஒன்று சுட, மற்றது பாய. அந்தக் கேம்களை இப்போது எவரும் செய்வதில்லை. ஆனால் சின்ன வயதில் அவற்றோடு வளர்ந்து, இப்போது தலை வழுக்கையாகிப்போன ஆட்கள் ரொறொன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். அவர்களுடைய பார்சல்கள் கொழும்பு பஸ்ஸில் வந்து இறங்கும். பிரேமிளா அறுந்த வயரை மாற்றுவாள். உடைந்த வெளிக்கோதுக்குப் பதிலாகப் பழைய நிலைக்கதவுகளின் முதிரை மரப் பலகையில் புதுக்கோது செதுக்குவாள். வலது கையை இழந்த ஒருவருக்கு எல்லாப் பட்டன்களையும் இடப்பக்கத்திற்கே கொண்டுவந்து கொடுத்தாள். அவள் கைபட்ட பட்டன் அழுத்தினால் அமரும், விட்டால் எழும்பும். அதற்கு மேல் அவள் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை.

இந்தத் தொழிலுக்கு அவள் வந்ததே ஒரு பிழையான விளக்கத்தால். அவள் சிறுமியாக இருந்த போர்க்காலத்தில் வன்னிக்குள் மின்சாரம் இல்லை, மின்சாமான்கள் வரவும் வழியில்லை. கனடாவில் இருந்த சித்தப்பா அனுப்பிய ரீவி கேம் பெட்டி வழியில் எங்கோ நின்றுவிட்டது. யாரோ ஒருவருடைய உடுப்புப் பைக்குள் கிடந்த கொன்ரோலர் மட்டும் வீடு வந்து சேர்ந்தது. அது வேறொன்றோடு கொழுவவேண்டிய துண்டு என்று சொல்ல வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. இதுதான் முழு விளையாட்டு என்று அவள் நினைத்தாள். தொங்கும் வயரை இடுப்பில் செருகிக்கொண்டு மாட்டோடு போவாள். வலப்பக்கம் அழுத்தினால் சிவலைப் பசு வலப்பக்கம் திரும்பும். வட்டப் பட்டனை அழுத்தினால் கொக்கு எழும்பும். பல வருடம் கழித்து, வவுனியாவில் ஒரு வீட்டில், ரீவியோடு கொழுவிய கேமை முதன்முதலாகக் கண்டபோது அவளுக்கு வந்தது ஆச்சரியம் அல்ல, ஏமாற்றம். மாட்டைத் திருப்பிய சாமானை இங்கே ஒரு பொட்டு மனிதனைத் திருப்பவா வைத்திருக்கிறார்கள்? ஏமாற்றத்துக்குப் பின்னால் வெட்கம் வந்தது. பசு திரும்பப் போகிற பக்கத்தைப் பார்த்துத்தான் தான் அழுத்தியிருக்க வேண்டும் என்று தன்னைத் தானே திருத்திக்கொண்டாள். அந்த வெட்கத்தை அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை, கணவன் விஜிதரனுக்குக்கூட. நல்ல மனிதர்தான். ஆனால் சிரித்திருப்பார். அவர் சிரித்தால் அந்தப் பசு இரண்டாம் தடவையும் பொய்யாகிவிடும்.

விஜிதரனின் வயல் காட்டுக்கும் குளத்துக்கும் நடுவில் கிடந்தது. காட்டில் இருந்த அலியனுக்கு, கொம்பில்லாத ஆண் யானையை அங்கே அப்படித்தான் சொல்வார்கள், தண்ணீர் வேண்டும். தண்ணீருக்குப் போகிற வழியில் நெல். பொழுது சரியும் நேரம் வரும், தின்றுகொண்டே நடக்கும், நடந்த இடமெல்லாம் சப்பளியும். வெடிக்குப் பயப்படாது. மின்வேலியைக் காய்ந்த மரத்தால் சாய்த்துவிட்டு வரப் பழகியிருந்தது. இரண்டு வருடம் தொடர்ந்து நெல் அறுக்கும் வெட்டு மெசின் வயலுக்குள் இறங்கவே தேவை இருக்கவில்லை. இந்த முறை விதைத்த அன்று விஜிதரன் கை கழுவிக்கொண்டே சொன்னார்.

"இந்த முறையும் போச்செண்டால் நான் கட்டாருக்கு வேலைக்குப் போறன், பிரேமி. கடவுச்சீட்டு அலுமாரிக்க கிடக்கு. நீர் அழுது பிடிச்சு மறிக்கக் கூடாது."

அவள் அழவில்லை. மடித்த உடுப்புகளை வைக்கும்போதெல்லாம் அந்தச் சின்னப் புத்தகம் விரலில் தட்டும், அப்போதும் அழவில்லை. தனிமைக்கு அவள் பயப்படவில்லை. அவள் பயந்தது வேறொன்றுக்கு. அப்படிப் போய் வந்த ஆண்களைக் கண்டிருக்கிறாள். தங்கள் வீட்டுக் குசினியில் நின்றுகொண்டு, தண்ணீர் எங்கே இருக்கிறது என்று கேட்டுக் குடித்தார்கள்.

கதிர் பால் பிடித்ததிலிருந்து பொழுது சரியும் நேரங்களில் இருவரும் வயல் கொட்டிலில் காவல் இருந்தார்கள். பிரேமிளா வேலையையும் கூடவே கொண்டுபோவாள். அன்று ரொறொன்ரோவிலிருந்து வந்த ஒரு கொன்ரோலர் மடியில் கிடந்தது. எதனோடும் கொழுவாமல், பட்டன்களின் மென்மை பார்க்க அழுத்திக்கொண்டிருந்தாள். காட்டோரம் அலியன் வெளிப்பட்டது. விஜிதரன் வெடியைக் கொளுத்தி எறிந்தார். அவள் விரல் தன்பாட்டில் வலப்பக்கம் அழுத்தியது. யானை வலப்பக்கம் திரும்பியது. விட்டாள், நின்றது. மீண்டும் அழுத்தினாள். ஒழுங்காக, வரம்பு தவறாமல், அது அவர்களுடைய வயலைச் சுற்றிக்கொண்டு வலப்பக்கமாகப் போய் மறைந்தது. விஜிதரன் வெடியைப் புகழ்ந்தார்.

வலப்பக்கம் கமலாட்சியின் காணி. தனியாக வயலும் வாழையும் செய்கிற, வாய்க்குள் எதையும் வைத்திருக்கத் தெரியாத மனிசி. விடிய வேலியடியில் வந்து நின்றாள்.

"என்ன பிள்ளை, உங்கட யானை என்ர வாழைக்கு விருந்துக்கு வந்திட்டுப் போயிருக்கு? அடுத்த முறை சொல்லிப்போட்டு அனுப்பும். வாழை முழுக்கப் போக முதல் ஒரு இலையாவது வெட்டிப் போட்டு வைக்கிறன்."

"எங்கட யானையோ அக்கா?" என்றார் விஜிதரன்.

"பின்ன? உங்கட பக்கத்தாலதானே வந்தது. அடையாள அட்டை கேக்கவோ?"

பிரேமிளா சிரிக்கவில்லை. அன்று முழுவதும் கடையில் கைகள் வேலை செய்தன, மனம் ஒரே இடத்தில் நின்றது. அது தன்னுடைய வேலை என்றால், அந்த வாழைகளை விழுத்தியவள் அவள். வெறும் தற்செயல் என்றால் அவள்மேல் குற்றம் இல்லை. இரண்டில் ஒன்றைத் தெரிவு செய் என்றால், குற்றமில்லாதவளாக இருப்பதைவிட அதைச் செய்தவளாக இருக்கவே தன் மனம் ஆசைப்படுவதைக் கண்டாள். அந்த ஆசை அவளைத் திடுக்கிடச் செய்தது.

உண்மையை அறிய ஒரே வழி, யானை தன்பாட்டில் ஒருபோதும் செய்யாத ஒன்றைச் செய்விப்பது. யானையால் ஓடமுடியும், நீந்தமுடியும். பாயமுடியாது. மறுநாள் அலியன் வேலியைச் சாய்த்துவிட்டு உள்ளே காலெடுத்து வைத்தபோது அவள் பாய்ச்சல் பட்டனை அழுத்தினாள். யானையின் நான்கு கால்களும் நிலத்தை விட்டு ஒரு சாண் உயரம் எழும்பின. அடுத்த கணம் தொப்பென்று விழுந்தன. கொட்டிலில் தேத்தண்ணிக் கேத்தில் சரிந்தது. அலியன் தன் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, காட்டுக்குத் திரும்பிப் போனது.

"நிலம் ஆடினதெல்லோ?" என்றார் விஜிதரன்.

"யானை பாய்ஞ்சது."

"யானை பாயாது, பிரேமி."

"ஓம், பாயாது. ஆனா பாய்ஞ்சது."

பிறகு அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சிவலைப் பசுவை, கொக்கை, வவுனியாவில் வந்த வெட்கத்தை, கமலாட்சியின் வாழையை. சொல்லி முடிக்கும்வரை அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் சிரிக்கப் போகிறார் என்று காத்திருந்தாள். விஜிதரன் கேத்திலை நிமிர்த்தி வைத்தார். நீர்ப்பம்பி வேலை செய்யாதபோது பார்ப்பதுபோல, முகத்தைச் சுருக்கிக்கொண்டு கொன்ரோலரைப் பார்த்தார்.

"அப்ப ஏன் இடையில விழுந்தது?" என்று கேட்டார்.

கல்யாணம் செய்த நாளிலிருந்து அவர் அவளிடம் கேட்டவற்றில் அதைப்போல அவளை நிறைத்த கேள்வி வேறில்லை. "உள்ளுக்கு றப்பர் தேய்ஞ்சு போச்சு," என்றாள்.

பட்டனுக்கு அடியில் ஒரு றப்பர் குமிழ் இருக்கும், அதன் அடியில் ஒரு பொட்டுக் கரி. கரி உள்ளே உள்ள மின்சுற்றுப் பலகையைத் தொட்டால்தான் ஆள் பாய்வான். ரொறொன்ரோக்காரர் பாய்ந்து பாய்ந்து அந்தக் கரியைத் தேய்த்திருந்தார். பென்சில் பூசினால் ஒரு பொட்டு மனிதனுக்குக் காணும், யானைக்குக் காணாது. அவளுடைய தகப்பன் பற்றறி கிடைக்காத காலத்தில் செத்த பற்றறிகளைப் பிரித்து, உப்புத்தண்ணீரில் உயிர்கொடுத்து றேடியோ கேட்ட மனிதர். பற்றறியின் நடுவே ஒரு கரிக்கோல் இருப்பது அவளுக்கு அப்போதே தெரியும். அதை எடுத்து அம்மியில் அரைத்தாள். பக்கத்துக் கடையில் ரியூப் ஒட்டுகிற சொலுசனில் குழைத்தாள். புதுக் குமிழில் பூசிக் காயவைத்தாள். ரொறொன்ரோக்காரர் எப்போது முடியும் என்று செய்தி அனுப்பியிருந்தார். இன்னும் சோதிக்க இருக்கிறது என்று பதில் எழுதினாள். அது பொய் இல்லை.

முடிந்ததை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய் அழுத்தியபோது பட்டன் அசையவில்லை. காட்டுக்குள் எங்கோ நின்ற யானையின் பாரம் முழுவதும் அதற்குள் வந்திருந்தது. பெருவிரல் இரண்டையும் வைத்து, மூச்சைப் பிடித்து அழுத்தினால்தான் இறங்கியது. அப்போது திசையை யார் பிடிப்பது? திசை பிடிக்காவிட்டால் எழும்பிய இடத்திலேயே விழும். வலப்பக்கம் தள்ளினால் கமலாட்சியின் காணி, இடப்பக்கம் தள்ளினால் இன்னொருவருடைய நெல். போகக்கூடிய ஒரே வழி நேரே, எல்லாருடைய தலைக்கும் மேலால். பிரேமிளா கொன்ரோலரை நடுவால் வெட்டினாள். சிலுவைப் பட்டன் ஒரு துண்டில், பாய்ச்சல் பட்டன் மற்றதில், இடையில் ஒரு நீள வயர். பாய்ச்சல் துண்டுக்கு இரண்டு பெருவிரலும் கொள்ளும் அகலத்தில் முதிரையில் புதுப் பட்டன் செதுக்கினாள். சிலுவைத் துண்டை விஜிதரனின் கையில் வைத்தாள். அவருடைய விரல் மண்வெட்டி பிடித்துத் தடித்த விரல். அதற்கேற்ப அந்தப் பட்டனையும் பெருப்பித்திருந்தாள்.

"எனக்கு இது விளங்காது, பிரேமி."

"முன்னுக்குப் போற பக்கத்தை அமத்துங்கோ. நான் சொல்லும்வரைக்கும் விடக்கூடாது. அவ்வளவுதான்."

அலியன் வந்தபோது வெயில் இன்னும் இருந்தது. கமலாட்சி தன் வாழைக்குக் காவலாக வரம்பில் நின்றாள், கையில் ஒரு தகரமும் தடியும். யானை வேலியைத் தாண்டி முதல் நெல்லுக்கு முன் நின்றது. தும்பிக்கையை நீட்டியது. பிரேமிளா "இப்ப!" என்றாள்.

பட்டன் இறங்கியது. தோளிலிருந்து விரல்நுனிவரை அவளுடைய எலும்புகள் முறுகின. ஒரு கணம் தான் நெல்லைப் பற்றியோ கட்டாரைப் பற்றியோ நினைக்கவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. நான் செய்கிறேன், இது நான்தான் என்று மட்டும் நினைத்தாள். அலியன் எழும்பியது. பின்கால்களிலிருந்து மண்கட்டிகள் உதிர்ந்தன. பனை உயரம் போனது, காதுகள் விரிந்தன, நிழல் நெல்லின்மேல் மெதுவாக ஊர்ந்தது.

"அடி பிள்ளை!" கமலாட்சி தகரத்தைப் போட்டுவிட்டுக் கத்தினாள். "என்ர வாழையில இறக்கிப்போடாதையடி!"

"கொஞ்சம் இடப்பக்கம்!" என்றாள் பிரேமிளா.

"இடப்பக்கம்," என்றார் விஜிதரன், நாக்கைக் கடித்துக்கொண்டு.

யானை கொஞ்சம் இடப்பக்கம் சரிந்து, கமலாட்சியின் கொண்டைக்கு மேலால் போய், குளக்கட்டைத் தாண்டி, புல்லில் இறங்கியது. தண்ணீர் கரைக்கு வந்து திரும்பிப் போனது. விஜிதரன் இன்னும் அழுத்திக்கொண்டிருந்தார். யானை நேரே நடந்து குளத்துக்குள் தோளளவுக்கு இறங்கியது.

"விடட்டோ?" என்று கேட்டார்.

"விடுங்கோ."

அவர் விட்டார். கண்ணில் தண்ணீர் நின்றது. "இன்னொருக்கா வருமோ?" என்றார், விளையாட்டில் முதல்முறை வென்ற பிள்ளையைப் போல.

அறுவடை முடியும்வரை இருவரும் ஒவ்வொரு நாளும் அலியனைப் போகவும் வரவும் பாயவைத்தார்கள். வெட்டு மெசின் எல்லாருடைய வயலிலும் இறங்கியது. கமக்காரர் அமைப்புத் தலைவர் பரமலிங்கம் வந்து பார்த்துவிட்டு, குளத்துத் தண்ணீரைத் திறந்துவிடும் துருசடியில் மட்டும் இறக்க வேண்டாம், போன வருடம்தான் சீமெந்து பூசியது என்று கேட்டுக்கொண்டார். பிறகு ஒருநாள் அவர்கள் கொட்டிலுக்குப் போகப் பிந்திவிட்டது. போய்ச் சேர்ந்தபோது அலியன் யாரும் அழுத்தாமலே பாய்ந்து குளத்துக்குள் நின்றது. பிரேமிளாவின் நெஞ்சு ஒருமுறை காலியானது. பிறகு அந்தக் காலி இடத்தில் ஒரு பெருமை வந்து உட்கார்ந்தது. வீட்டுக்குப் போய் இரு துண்டுகளையும் ஒட்டி, கோது மாற்றி, ரொறொன்ரோவுக்கு அனுப்பினாள். திரையில் தன்னுடைய ஆள் இப்போது முன்னரைவிட மெத்தென்று இறங்குகிறான் என்று அந்த மனிதர் எழுதியிருந்தார்.

விஜிதரனின் கடவுச்சீட்டுக்குச் சித்திரையோடு காலம் முடிந்தது. புதுப்பிக்க வேண்டிய கிழமையில் உரம் வந்தது, அவர் உரம் எடுக்கப் போனார். அடுத்து விதைத்த சிறுபோகத்துக்கு வேறு இரண்டு யானைகளும் பாயப் பழகிவிட்டன. இப்போது நாலு மணி தாண்டினால் காட்டுப்பக்கமிருந்து ஒவ்வொன்றாக வரும். அந்த வயல்களில் மரம் கிடையாது. களை பிடுங்குகிறவர்கள் அந்த நேரத்தில் நிமிர்ந்து, முகத்தைத் துடைத்து, யானையின் நிழல் தங்கள்மேல் கடந்து போகும்வரை இடுப்பில் கைவைத்து நிற்பார்கள். அது போனதும் குனிவார்கள்.