செவ்வாய்க்கிழமை கிளினிக்

ஹியூபேட்டின் ஆட்டோவுக்குப் பாதிப் பிரேக்தான். அவனுடைய வாய்க்கு அதுவும் இல்லை.

செக்பொயின்றில் சிப்பாய் பின்சீற்றுக்குள் குனிந்து, பேச்சியம்மாவின் மடியிலிருந்த பையில் என்ன என்று கேட்டான். ஹியூபேட் சிங்களத்தில் பளிச்சென்று சொன்னான்:

"பையில உடுப்பு, மாத்தயா. வயித்தில இருக்கிறதுதான் எப்ப வெடிக்குமெண்டு தெரியாது."

சிப்பாய் சிரிக்கவில்லை. வயிற்றில் குண்டு கட்டி வந்திருப்பாளோ என்று, வயிறு பெருத்த தமிழ்ப் பெண்ணைக் கண்டாலே துவக்கை இறுக்கிப் பிடிக்கிற காலம் அது. பேச்சியம்மாவை இறக்கி, மணல்மூட்டைக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டிலில் இருத்தினார்கள். சோதிக்கப் பெண் பொலிஸ் வரவேண்டுமாம்.

"நான் பகிடிக்குச் சொன்னனான், மாத்தயா."

"பகிடியா? உன்ர லைசென்ஸையும் கொண்டா."

ஹியூபேட் ஆட்டோவைச் சுற்றிச் சுற்றி நடந்தான். கிளினிக் செவ்வாயில் மட்டும், மத்தியானத்தோடு பூட்டிவிடுவார்கள். வெள்ளவத்தையில் வேலைசெய்த வீட்டார் வயிறு தெரிந்ததும் பேச்சியம்மாவை அனுப்பிவிட்டார்கள். இப்போது கொட்டாஞ்சேனையில், பூட்டிக்கிடக்கும் ஒரு கடைவாசலில் படுக்கை. ஏழு மாதம். கால் வீங்கிச் செருப்பு ஏறவில்லை. போனமுறை கிளினிக்கில் எந்த ஒழுங்கை, என்ன நம்பர் என்று கேட்டு, விலாசம் இல்லையென்று திருப்பியனுப்பியிருந்தார்கள். இந்தமுறை தெமட்டகொடையில் தன் வீட்டு நம்பரைக் கொடுத்து, மனைவி செலீனின் தங்கச்சி என்று சொல்வதாக ஹியூபேட் ஏற்றிருந்தான். செலீனுக்கு இன்னும் சொல்லவில்லை. அது வேறு செக்பொயின்ற்.

பெண் பொலிஸ் ஒருவழியாக வந்தாள். பேச்சியம்மாவைத் திரைக்குப் பின்னால் கூட்டிப்போய்ச் சற்றுநேரத்தில் விட்டாள். ஆட்டோ பறந்தது.

"அந்தப் பொலிஸ்காரி என்ன செய்தவ, தங்கச்சி? அடிச்சவவோ?"

"ஒண்ணுமில்லண்ணே, ஓட்டுங்க."

கிளினிக் வாசலில் காவலாளி நிலாம் கேற்றுக்குச் சங்கிலி போட்டுக்கொண்டிருந்தான்.

"நானா, ஒருக்காத் திற. இவ என்ர மச்சாள்."

"நர்ஸ் மிஸ்ஸி போயிட்டாங்க. தொறந்து உட்டாலும் உள்ள வெறுங் கதிரைதான் ஈக்கி. வார செவ்வா வாங்க."

பேச்சியம்மா கேற்றோரம் குந்தினாள். வீங்கிய கால்களை வீதிப்பக்கம் நீட்டினாள். ஹியூபேட் அவளுக்கு முன்னால் வந்து நின்றான்.

"என்னாலதானே எல்லாம். உண்மையைச் சொல்லு, அங்க என்ன நடந்தது?"

அவள் சங்கிலியைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"அடிக்கலண்ணே. சட்டையத் தூக்கி, ரெண்டு கையாலயும் வயித்த அமுக்கிப் பாத்தாங்க. புள்ள ஒதச்சுது. கைய வெடுக்குனு இழுத்துக்கிட்டாங்க. இத்தன மாசத்துல என் வயித்தத் தொட்டுப் பாத்தது அவங்க ஒருத்தங்கதான்."