இருதயராஜ் அண்ணனின் எக்கோ

எனக்கு எக்கோ என்றாலே எரிச்சல். ஒரு தரம் பாடினால் நாலு தரம் கேட்கும் அந்தக் கண்றாவிதான் நம்மூர்க் கல்யாணக் கச்சேரிகளைக் கெடுத்தது என்பது என் கட்சி. காட்டுப்பாக்கத்தில் ஒரு ஸ்டுடியோவில் ஒலிப்பதிவு படித்தவள் நான். ஹெட்ஃபோனில் சுத்தமான குரலாகக் கேட்டுக் கேட்டு, வேறெதுவும் பிடிக்காத காதாகிவிட்டது.

ஆனால் ஆசையெல்லாம் மேடைக் கச்சேரிக்கு, ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸர் பிடிப்பதில். ஒரு பொண்ணை நம்பி எவன் கொடுப்பான்? ஆவடியில் மெல்லிசைக் குழு நடத்தும் கோமளா அக்கா கொடுத்தார். பூந்தமல்லியில் ஒரு கல்யாண வரவேற்பு.

"இன்னிக்கு ஒரு நாள் பாக்குறேன், சைமா. கச்சேரி நிக்காம போச்சுன்னா இனிமே நம்ம ட்ரூப்புக்கு நீதான். நின்னுச்சுன்னா வருத்தப்படாத, பழைய ஆளையே கூப்ட்டுக்குவேன்" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

மைக் சரிபார்க்கும்போதே வினை வந்தது. குழுவின் முக்கியப் பாடகர் இருதயராஜ் அண்ணன். பட்டாபிராமிலிருந்து பைக்கில் வந்து இறங்கியவர், தலையைக்கூட வாராமல் மைக்கைப் பிடித்தார்.

"ஹலோ... ஹலோ... பாப்பா, எக்கோ இன்னும் கொஞ்சம் ஏத்து."

"ஏற்கெனவே நெறைய கீதுண்ணே. வார்த்தையே புரியல."

"வார்த்த எவனுக்கும்மா வேணும்? நீ எக்கோ வை."

எனக்குச் சுர்ரென்றது. அவர் எதிரில் ஏற்றினேன். மண்டபம் நிறைந்து முதல் பாட்டு ஆரம்பித்ததும், சத்தம் போடாமல் எக்கோ முழுவதையும் இறக்கிவிட்டேன். அப்பாடா! குரல் பளிச்சென்று வந்தது.

பல்லவிகூட முடியவில்லை. அண்ணன் பாட்டை நிறுத்திவிட்டு மைக்கைத் தட்டினார்.

"ஹலோ, ஹலோ... மைக்கு பூட்ச்சுப்பா!"

போய்விட்ட மைக்கில் அவர் சொன்னது கடைசி வரிசை வரை கேட்டது. மண்டபமே சிரித்தது. மனுஷர் முகம் சுருங்கிப்போயிற்று. திரும்பி எக்கோ வந்தால்தான் மைக் வேலை செய்கிறது என்று நம்பி இத்தனை காலம் பாடியவர். அது எனக்கு எங்கே தெரியும்?

கோமளா அக்கா விறுவிறுவென்று என்னிடம் வந்தார். "இன்னாடி பண்ணே?"

யா அல்லா, போச்சு. கச்சேரி அடியோடு நின்றுவிடாமல் தபேலாக்காரர் மட்டும் எப்படியோ சமாளித்து வாசித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் ஸ்டுடியோ ஞாபகம் வந்தது. பாடுகிறவர் பயப்படாமல் இருக்க அவருடைய ஹெட்ஃபோனில் மட்டும் எக்கோ கொடுப்போம். பதிவாவது வெறும் குரல்தான். மேடையிலும் அண்ணன் காலடியில், அவரைப் பார்த்தபடி ஒரு ஸ்பீக்கர் இருக்கிறதே! எக்கோவை அதற்கு மட்டும் திருப்பினேன். ஜனங்கள் பக்கமிருந்த பெரிய ஸ்பீக்கர்களில் சொட்டுகூட இல்லை.

"ஹலோ" என்றார் அண்ணன். காலடியிலிருந்து ஹலோ ஹலோ ஹலோ என்று பதில் வந்தது. "ஆங், இப்ப வந்துச்சு!" என்று விட்ட இடத்திலிருந்து பாட ஆரம்பித்தார்.

என் பக்கத்தில் நின்ற கோமளா அக்கா தலையைச் சாய்த்துக் கேட்டார். "ஏய், இந்தப் பாட்டுல இப்டி ஒரு வரி கீதா?"

நான் மூச்சு விடுவதற்குள், அண்ணன் மைக்கோடு மேடையை விட்டு இறங்கினார். மாப்பிள்ளையின் சொந்தக்காரர்கள் நடுவில் போய் நின்று பாடுவது வரவேற்புகளில் வழக்கம்தான். நான்தான் மறந்து தொலைத்தேன். கீழே அவருக்கென்று ஸ்பீக்கர் கிடையாது. அவர் காதில் விழப்போவது எக்கோ இல்லாத சொந்தக் குரல். மறுபடி நிறுத்தினால் என் கதை முடிந்தது. எக்கோவை எல்லாருக்கும் ஏற்றிவிடலாம். விரல் அதன் மேல்தான் இருந்தது.

ஒரு வரி பாடிவிட்டு அண்ணன் நின்றார். என்னைப் பார்த்தார். முன் வரிசையில் ஓர் அம்மாள் ஐஸ்கிரீம் ஸ்பூனை வாயில் வைத்தபடியே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் ஒருத்தரும் பேசவில்லை. அதைப் பார்த்த பிறகு எனக்கு விரலை நகர்த்த மனசு வரவில்லை.

அண்ணனும் அந்த அம்மாளைப் பார்த்தார். பிறகு பாட்டின் அடுத்த வரியை மெதுவாக எடுத்தார். மேல் ஸ்தாயிக்குப் போகும்போது குரல் லேசாக நடுங்கியது. அந்த நடுக்கமும் சேர்ந்துதான் பாட்டு அவ்வளவு அழகாக இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாட்டு முடிந்ததும் விழுந்த கைதட்டலை நான் அந்த மண்டபத்தில் எதிர்பார்க்கவே இல்லை.

"ஞாயித்துக்கெழம திருமுல்லைவாயில்ல கச்சேரி. சீக்கிரமா வந்துடு" என்று சொல்லிவிட்டுக் கோமளா அக்கா நகர்ந்தார். எனக்குக் குதிக்கலாம் போலிருந்தது. ஆனால் இடைவேளையில் டீ டம்ளரோடு அண்ணன் என்னை நோக்கி வந்துகொண்டிருந்தார். திட்டு வாங்கத் தயாரானேன்.

"பாப்பா, கீழ எறங்குனப்ப எக்கோவே இல்ல."

"அது வந்துண்ணே..."

"என் கொரல் அப்டித்தான் கீதா?"

"சூப்பரா கீதுண்ணே" என்றேன். சத்தியமாகச் சொன்னேன்.

டீயை ஒரு வாய் குடித்தார். மேடையைப் பார்த்தார்.

"அப்ப மேலயும் கொறச்சிக்கோ. மொத்தமா எடுத்துடாத, பயமாகீது."

கொஞ்சம்தான் குறைத்தேன்.