மோகன்ராஜ் வீட்டு அடுப்பு

புது வீட்டுக் கூடத்தில் மூன்று செங்கல் வைத்து, மஞ்சள் குங்குமம் இட்ட பானையை ஏற்றி, மோகன்ராஜின் பெண்டாட்டி கற்பூரத்தைக் கொளுத்தி விறகுக்கடியில் தள்ளினாள். கற்பூரம்தான் எரிந்து தீர்ந்தது, விறகு பற்றவில்லை. முந்தின நாள் மழையில் நனைந்த விறகு. நல்ல நேரம் முடியப்போகிறது என்று மோகன்ராஜின் அம்மா ஜானகியம்மாள் தவியாய்த் தவித்தாள். கேஸ் அடுப்பில் வைத்துவிடலாமே என்று யாரோ சொன்னதற்கு, புது வீட்டில் முதல் பால் விறகில்தான் பொங்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள். அந்த விறகடுப்பைப் பார்த்துக்கொள்ளத்தான் என்னையும் என்கூட வேலை செய்கிற முத்தம்மாவையும் கும்மிடிப்பூண்டியிலிருந்து திருநின்றவூருக்கு டெம்போவில் ஏற்றி வந்திருந்தார்கள். "நீ கொஞ்சம் பாரும்மா கங்கம்மா" என்றாள் ஜானகியம்மாள் என்னிடம். நான் ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த பையைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டேன்.

மோகன்ராஜ் எங்கள் காண்ட்ராக்டர். நேரில் பேசும்போது சார், மனசுக்குள் அவன்தான். நாங்கள் வேலை செய்கிற பேப்பர் மில்லுக்கு வெளிநாட்டிலிருந்து கப்பலில் பழைய பேப்பர் வருகிறது, கட்டுக்கட்டாக. பேர்தான் பேப்பர். பிரித்தால் பாதிக்குப் பாதி பிளாஸ்டிக். தயிர் டப்பா, சாஸ் பாட்டில், நாய்ச் சோற்றுப் பை, குழந்தைக்குக் கட்டிக் கழற்றின பேம்பர்ஸ். அதையெல்லாம் பொறுக்கித் தனியே போடுவது எங்கள் வேலை. சில டப்பாக்களைக் கழுவித் துடைத்து லேபிள்கூட உரித்திருப்பார்கள். எந்த ஊர் மகராசியோ, இது இன்னொரு டப்பாவாகிவிடும் என்று நம்பித் தனித் தொட்டியில் போட்டிருப்பாள். அது வந்து சேர்கிற இடத்தை அவளுக்கு யார் சொல்வது? மில்லுக்குப் பேப்பர் போதும். மிச்சத்தை மோகன்ராஜ் லாரியில் ஏற்றுவான். மறுசுழற்சிக்குப் போகிறது என்பான். எங்கள் காலனிக்குப் பின்னால் ஏரிக்கரையில் கொட்டிக் கொளுத்துவான். காலையில் வாசல் தெளித்தால் தண்ணீர் கறுப்பாக ஓடும்.

என் மகள் ரோஜா ஏழாவது படிக்கிறாள். போன வருஷம் ஸ்கூல் ஓட்டப்பந்தயத்தில் ஓடினவள். இப்போது காற்று ஏரிப் பக்கமிருந்து அடித்தால் போதும், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். விலா எலும்பு உள்ளே போய் வெளியே வருகிறது. பொன்னேரி ஆஸ்பத்திரியில் மாஸ்க் மாட்டி மருந்தை ஏற்றும்போது என் கையை விடவே மாட்டாள். புகை இருக்கிற பக்கமே விடாதீர்கள் என்றார் டாக்டர். புகையல்லவா வீடு தேடி வருகிறது. மோகன்ராஜிடம் போய் நின்று, வேறெங்காவது கொண்டுபோங்கள் சார் என்று கெஞ்சினேன். "புகைல இன்னாம்மா கீது? நானுந்தான் அங்க நிக்கறேன்" என்று போனைப் பார்த்தபடியே சொன்னான். பிறகு யாரோ புகார் கொடுத்து அதிகாரிகள் வந்தார்கள். காலனி ஜனங்கள் தங்கள் குப்பையைத் தாங்களே கொளுத்துகிறார்கள் என்று என் எதிரிலேயே கூசாமல் சொன்னான். அவர்களும் நம்பி, குப்பையை எரிக்காதீர் என்று எங்கள் தெருமுனையில் போர்டு நட்டுவிட்டுப் போனார்கள். எங்கள் குப்பையாம்! நாங்கள் என்ன, நாய்க்குப் பாக்கெட்டில் சோறு வாங்கிப் போடுகிற ஜனமா? அன்றைக்குப் பிடித்த வயிற்றெரிச்சல் எனக்கு ஆறவே இல்லை.

அதனால்தான் கிரகப்பிரவேசத்துக்கு அடுப்பு பார்க்க ஆள் வேண்டும் என்றதும் நானே முன்னால் போய் நின்றேன். ஏரிக்கரையில் கொட்டிக் கிடந்ததைப் பொறுக்கிப் பை நிறைய அடைத்தேன். வேண்டாண்டி, வேலை போய்டும் என்று முத்தம்மா வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். போகட்டும். அவன் கட்டின வீட்டில், அவன் சொந்தக்காரர்கள் மூக்கில், அந்தப் புகை ஒரு தடவை ஏற வேண்டும். அதற்கப்புறம் என்ன வேண்டுமானாலும் ஆகட்டும்.

ஒரு தயிர் டப்பாவை நசுக்கி விறகுக்குள் செருகித் தீக்குச்சி கிழித்தேன். குப்பென்று பிடித்துக்கொண்டது. அதன் மேல் சாஸ் பாட்டில், அப்புறம் அந்த நாய்ப் படம் போட்ட பை. கறுப்புப் புகை எழும்பி, பெயிண்ட் வாசனைகூடப் போகாத வெள்ளைக் கூரையில் போய் முட்டிப் படர்ந்தது. பட்டுப்புடவைக்காரிகள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் நகர்ந்தார்கள். கண்ணைக் கசக்கினார்கள், இருமினார்கள். ஜன்னல்கள் எல்லாம் திறந்துதான் இருந்தன, வாசலுக்குப் போனால் நல்ல காற்று. எங்களுக்கு அந்தப் போக்கிடம்கூடக் கிடையாது. பொய் சொல்வானேன், ஒவ்வொரு இருமலும் எனக்கு இனித்தது.

வாசலில் வந்தவர்களை வரவேற்றுக்கொண்டிருந்த மோகன்ராஜுக்கு அந்த நாற்றம் தெரியாமல் போகுமா? உள்ளே ஓடிவந்தான்.

"இன்னாத்த போட்ட அடுப்புல?" பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான்.

"உங்க சரக்குதான் சார். எங்க ஊட்டாண்ட தெனம் எரியுது, இங்க ஒரு நாளு எரியட்டுமே."

எந்தச் சரக்கு, இவள் வீட்டுக்கிட்ட எதுக்குடா எரியுது என்று அவன் மச்சான் கேட்டான். அதற்குள் பால் பொங்கிக் கிழக்கே வழிந்தது. ஜானகியம்மாளுக்கு அது போதும், புகை மூட்டத்திலும் முகம் மலர்ந்துவிட்டது. வெள்ளி டம்ளரில் முதல் பாலை மொண்டு மகன் கையில் கொடுத்தாள். பாலின் மேல் கரி நூல் நூலாக மிதந்தது. ஊதிவிட்டுக் குடிடா, பொங்கின பாலைக் கீழே கொட்டினால் குடும்பத்துக்கு ஆகாது என்றாள்.

மோகன்ராஜ் டம்ளரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். எல்லோரும் காத்திருந்தார்கள்.

"குடிங்க சார்" என்றேன்.

உதடுவரை கொண்டுபோனான். அப்போது பட்டுப்பாவாடை கட்டின அவன் சின்ன மகள் கூட்டத்துக்குள் புகுந்து வந்து அவன் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். "எனுக்குப்பா. எனுக்கு மொதல்ல."

சட்டென்று டம்ளரைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டான். பால் தளும்பி அவன் முழங்கை வழியாகக் கறுப்பாக இறங்கிப் பட்டுச் சட்டையை நனைத்தது. அவள் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தபடி இரண்டு கையையும் நீட்டிக் குதித்தாள். அவள் குதிக்கக் குதிக்க, அவன் குதிகாலை எக்கிக் கையை இன்னும் மேலே தூக்கினான்.