மணி அடிக்கும்போது இறுக்கிய பிளக்கு

என் வீட்டுக்காரர் மைக்கேல்சாமிக்கு மாதா கோயில் மணி கேட்டுவிட்டால் போதும், கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு எழுந்துவிடுவார். சோற்றில் கை வைத்திருந்தாலும் சரி, என்னோடு சண்டையில் இருந்தாலும் சரி. எங்கள் ஆவூரில் எல்லோரும் அப்படித்தான், இவர் கொஞ்சம் அதிகம். காருக்கு அடியில் படுத்திருந்தால்கூட ஊர்ந்து வெளியே வந்து, முழங்காலில் நின்று திரிகால செபம் சொன்ன பிறகுதான் மறுவேலை.

அன்று மத்தியானமும் அதுதான் நடந்தது. புதுக்கோட்டை சமஸ்தானம் கலைந்தபோது ஓர் அதிகாரி விற்ற காரை வாங்கி வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். பழைய ஆயிலை வடித்துவிட்டு, இஞ்சினுக்குக் கீழே ஆயில் சட்டியின் ஓட்டையை அடைக்கும் பிளக்கைக் கையால் திருகிக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. செபத்தை முடித்தவர் நேரே போய்ப் புது ஆயிலை ஊற்றினார். வடித்ததை, மாட்டுவண்டி அச்சுக்குக் கேட்டிருந்த சேவுகனுக்கு என்று டின்னில் பிடித்து டிக்கியில் வைத்தார்.

சாயங்காலம் அவர் தங்கை மரிய செல்விக்கு வலி கண்டது. அவளுடைய முதல் பிள்ளை வீட்டிலேயே செத்துப் பிறந்தது. இதுவும் குறுக்கே கிடக்கிறது, புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு உடனே போகாவிட்டால் தாயும் தங்காது என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். செல்வியின் தலையை மடியில் போட்டுக்கொண்டு நான் பின்சீட்டில் உட்கார்ந்தேன்.

கீரனூருக்கு முன்னால், ஆளில்லாத பொட்டலில் காரை நிறுத்தினார்.

"ஏங்க நிறுத்துறீங்க?"

"ஆயில் மீட்டர் முள்ளு விழுந்துருச்சு மேரி. இனி ஓட்டுனா இஞ்சின் பிடிச்சுக்கிரும்."

இறங்கிக் குனிந்து பார்த்தவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "பிளக்கு விழுந்துருச்சு. மத்தியானம் ஸ்பானர் போட்டு இறுக்கவே இல்லை. மணியடிச்சுச்சுன்னு எந்திரிச்சவன், மறந்துட்டேன்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "ஸ்பானரைக் கீழ போடச் சொல்லி மாதாவா கேட்டா? போய்த் தேடுங்க!"

ரோட்டில் ஆயில் ஒழுகிய தடத்தைப் பார்த்துக்கொண்டே வந்த வழியில் ஓடினார். செல்வி என் கையை நகம் பதியப் பிடித்தாள்.

"மதினி, இந்தப் புள்ளையும் போயிருமா?"

"வாயை மூடுடி" என்று அதட்டினேன். அவ்வளவு பயமாக இருந்தது எனக்கு.

மூச்சிரைக்கத் திரும்பி வந்தார். பிளக்கு கிடைத்திருந்தது, அதன் வாசர் கிடைக்கவில்லை. வாசர் இல்லாமல் மாட்டினால் ஒழுகும். தன் செருப்பைக் கழற்றி, தோலை வட்டமாக அறுத்து நடுவில் ஓட்டை போட்டார். பிளக்கின் கழுத்தில் அதை மாட்டி, திருகு மரையில் ஒட்டிய மண்ணை வேட்டியால் துடைத்துவிட்டுக் காருக்கு அடியில் புகுந்தார்.

"கூட இறுக்குனா மரை போயிரும். கொறைச்சா திரும்ப விழுந்துரும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அப்போதுதான் அங்கிட்டு ஏதோ ஊர் மாதா கோயிலில் அந்தி மணி அடித்தது.

ஸ்பானர் சத்தம் நின்றது. இந்த மனுசன் மட்டும் அப்போது எழுந்து வெளியே வந்திருந்தால், அந்த ஸ்பானராலேயே மண்டையைப் பிளந்திருப்பேன். என் மடியில் செல்வி அலறினாள்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடியும் ஸ்பானர் சத்தம் கேட்டது. கூடவே அவர் குரலும், மல்லாந்து படுத்தபடி செபம் சொல்லிக்கொண்டு. ஒவ்வொரு மந்திரத்துக்கும் ஸ்பானர் ஒரு திருகு திரும்பியது. ஆமென் சொல்லிவிட்டு, பிளக்கைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தார்.

சேவுகனுக்கு வைத்திருந்த பழைய ஆயில் முழுவதையும் இஞ்சினில் ஊற்றினார். காரைக் கிளப்பியதும் மீட்டர் முள் மெல்ல ஏறியது. புதுக்கோட்டை வரும்வரை அந்த முள்ளை விட்டு அவர் கண் நகரவில்லை.

ஆஸ்பத்திரியில் செல்வியை உள்ளே கொண்டுபோனார்கள். நான் வாசலிலேயே கிடந்தேன். கடைசியில் பிள்ளை அழும் சத்தம் கேட்டது. தாயும் பிழைத்தாள் என்று நர்ஸ் சொன்னதும் அவரைத் தேடி ஓடினேன். காருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

"என்னங்க, புள்ளை அழுதுருச்சு. ரெண்டு உசுரும் நல்லாருக்கு."

உள்ளேயிருந்து அவர் தேம்புவது கேட்டது.

"ஒழுகலை மேரி" என்றார். "ஒரு சொட்டுகூட ஒழுகலை."