இரண்டு ஜன்னல்களுக்குக் கீழே

ஏரியிலிருந்து மூடுபனி ஏறி வந்தால் அந்த மேட்டிலிருந்த இரண்டு அருங்காட்சியகங்களும் தரையை விட்டுக் கிளம்பிவிடும். வெள்ளைச் சுவர்கள் கரைந்துபோய்க் கூரைகள் மட்டும் மிதக்கும். இரண்டையும் கட்டியவர் ஒருவரே. மூத்தது பழம்பொருள்களுக்கு, இளையது ஓவியங்களுக்கு. கட்டிய காலத்தில் 'இதுவா நவீனம்' என்று ஊரே முகம் சுளித்தது. இன்றைக்கோ அவற்றில் ஓர் ஆணி அடிக்கவும் அரசாங்கத்தைக் கேட்க வேண்டும்.

இரண்டையும் சேர்க்கும் புதுக் கூடத்தை வரைகிற வேலை கட்டிடக் கலைஞரான ஸைமிக்குக் கிடைத்தது. ஓவியக் கட்டிடத்தின் பின்னறையில் அவளுக்கு ஒரு மேசை போட்டுக் கொடுத்தார்கள். அங்கே ஒரு ஜன்னல். பிற்காலத்தில் யாரோ காற்றுக்காகச் சுவரை உடைத்து வைத்தது, மூல வரைபடத்தில் கிடையாது. எதிர்க் கட்டிடத்திலும் அப்படியே ஒரு திருட்டு ஜன்னல். அதன் பின்னால் ஆர்மாஸ் இருந்தார்.

ஆர்மாஸ் பழம்பொருள்களின் காப்பாளர். எந்த வாசலிலும் குனிந்தே நுழைந்து பழகிய உயரம். இலையுதிர் காலத்தில் ஒரு காலை அவர் தன் காபிக் கோப்பையை லேசாகத் தூக்கிக் காட்டினார். அவளும் தூக்கினாள். அன்றிலிருந்து தினமும் அதேதான். பேருந்து நிறுத்தத்தில் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் இரண்டு பேரும் பனியைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பேசாமல் நிற்பதைப் பின்லாந்தில் யாரும் கோபம் என்று நினைப்பதில்லை, மரியாதை என்பார்கள். அந்த மரியாதையில் எத்தனை கல்யாணம் நடக்காமல் போயிற்றோ.

கூடம் வரவேண்டிய இடம் அந்த இரண்டு ஜன்னல்களுக்கும் நடுவில். வழக்கமான உயரத்தில் கட்டினால் இரண்டும் அடைபட்டுப் போகும். காலையில் அந்தக் கோப்பை தெரியாத ஒரு நாளை ஸைமியால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. கூடத்தைச் சரிவுக்குள் இறக்கி, கூரையை ஜன்னல்களுக்குக் கீழே பதுக்கி வரைந்தாள். வரைந்த தாளிலேயே கன்னம் வைத்துக் கண்ணயர்ந்தாள். கனவில் கூடம் பனிக்கட்டிக்கு அடியில் ஓடும் ஆறாக இருந்தது. மேலே இரண்டு கோப்பைகள் விளக்குப்போல் எரிந்துகொண்டிருந்தன.

ஓவியக் கட்டிடத்தில் கூடிய கட்டுமானக் குழுவின் தலைவி டெல்லெர்வோ வரைபடத்தைப் பார்த்ததும் மூக்குக் கண்ணாடியை இறக்கினாள். "என்ன ஸைமி, பூனைக்கு வழி விட்டிருக்கியா?"

"வெளிச்சத்துக்காக," என்றாள் ஸைமி. வாய் கூசாமல் சொன்ன பொய்.

"சரி, யாருக்காவது மறுப்பு இருக்கா?"

யாரும் பேசவில்லை. அங்கே அதுதான் சம்மதம். டெல்லெர்வோ ஏலக்காய் ரொட்டியை எடுத்துப் பிய்க்க ஆரம்பித்துவிட்டாள்.

"கொஞ்சம் உசத்தணும்," என்றார் ஆர்மாஸ். எல்லோரும் திரும்பினார்கள். அவர் கூட்டத்தில் பேசி யாரும் கேட்டதில்லை. "எனக்குத் தலை இடிக்கும்."

"உசத்தினா ரெண்டு ஜன்னலும் அடைஞ்சிடும்," என்றாள் ஸைமி.

"அடையட்டுமே. மூல வரைபடத்துல இல்லாத ஜன்னல்தானே."

இத்தனை நாள் காலையில் கோப்பை தூக்கியது இவருக்கு ஒன்றுமே இல்லையா? வெட்கமும் ஆத்திரமுமாகத் தாள்களைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

கோட்டு மாட்டும் இடத்தில் அவள் பூட்ஸோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது ஆர்மாஸ் வந்தார். தொப்பியைக் கையில் பிடித்தபடி கொக்கியைப் பார்த்துப் பேசினார்.

"கோவமா?"

"இல்ல."

"கோவந்தான்." தொப்பியை ஒரு சுற்றுத் திருப்பினார். "அந்த ஜன்னல் இருக்கிற வரைக்கும் நான் கப்பைத் தூக்கிக் காட்டிட்டு உக்காந்துக்குவேங்க. என்னைப் பத்தி எனக்குத் தெரியும். அதை அடைச்சிட்டா நடந்து வந்துதானே ஆகணும்."

ஸைமி பூட்ஸை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். "தலை இடிக்காம," என்றாள்.

"ஆமா, இடிக்காம."

அவர் காது வரை சிவந்துபோய்ப் பனிக்குள் இறங்கிப் போனார். ஸைமி காலுறையோடு மேசைக்குத் திரும்பினாள். சற்று நேரத்தில் எதிர் ஜன்னலில் விளக்கு எரிந்தது, கோப்பை உயர்ந்தது. அவளும் உயர்த்தினாள். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு, கூரைக் கோட்டை ரப்பரால் அழித்தாள். ஜன்னல்களுக்கு மேலே, ஆர்மாஸ் குனியாமல் நடந்து வருகிற உயரத்தில், புதுக் கோடு போட்டாள்.