இரண்டு பதிவேட்டிலும் முத்துலிங்கம்

ஒரு கூட்டுத்தாபனத்தை இரண்டாகப் பிரிப்பது கொழும்பில் இருப்பவர்களுக்குச் சுலபமான காரியம். கடதாசியில் நடுவே ஒரு கோடு போட்டால் முடிந்தது. அந்தக் கோடு நுவரெலியாக் கிளைக்கு வந்து சேர்ந்தபோது நேராக முத்துலிங்கத்தின் தலைமேல் விழுந்தது.

சுற்றுலாவையும் மாநாடுகளையும் ஊக்குவிக்கும் அந்த அரசாங்கக் கூட்டுத்தாபனத்தில் அவர் பதினொரு வருடமாக அமைய ஊழியர். அதாவது, வேலை உண்டு, உத்தரவாதம் கிடையாது. காலையில் முன்மேசையில் நின்று வெள்ளைக்காரர்களுக்கு வரைபடம் கொடுப்பார், எந்த பஸ் எங்கே போகும் என்று சொல்வார். மத்தியானத்துக்குப் பிறகு மாநாட்டு மண்டபத்தில் கதிரை போடுவார், மைக்கைத் தட்டிப் பார்ப்பார். இரண்டும் ஒரே வேலை என்றுதான் பாவம் இத்தனை காலமும் நினைத்துக்கொண்டிருந்தார்.

தை மாதம் சுற்றுநிருபம் வந்தது. இனிமேல் சுற்றுலா மேல்மாடியில், அதற்கு முகாமையாளர் கஜேந்திரன். மாநாடு கீழ்மாடியில், அதற்குக் கோசலா. வரவுப் பதிவேடும் இரண்டு. மூன்று மாதத்துக்குப் பிறகு இரண்டு பிரிவும் தனித்தனியாகப் பட்டியல் அனுப்பும். பட்டியலில் பெயர் இருக்கும் அமைய ஊழியர்களுக்கு நிரந்தர நியமனம். பெயர் இல்லாதவர்கள் வீட்டுக்குப் போகலாம். தன் பெயர் எந்தப் பட்டியலில் வரும் என்று கேட்க முத்துலிங்கம் மேல்மாடிக்குப் போனார்.

“நீங்க கதிரை போடுற ஆளுதானே? அப்ப மாநாடு. கீழ போய்க் கேளுங்க,” என்றார் கஜேந்திரன்.

கீழே கோசலா யோசிக்கவே இல்லை. “மேப் குடுக்குறது நீங்கதானே அண்ணே? அப்ப சுற்றுலா. மேலதான் உங்க பேரு வரும்.”

“அவருதான் கீழ போகச் சொன்னாரு மிஸ்.”

“அவரு சொல்வாரு. எனக்கே நான் இங்கதான் இருக்கப்போறேனான்னு இன்னும் கடிதம் வரல.”

கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தார். ஒரு இலக்கத்தில் இன்னொரு இலக்கம் கொடுத்தார்கள். அந்த இலக்கத்தில் அப்படியொரு பிரிவே இப்போது இல்லை என்றார்கள். மூன்றாவதில் ஒரு பெண், உங்கள் பிரிவு முகாமையாளரைக் கேளுங்கள் என்று சிங்களத்தில் சொன்னாள். எது என் பிரிவு என்று அவர் கேட்பதற்குள் வைத்துவிட்டாள். முத்துலிங்கத்துக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

தலவாக்கலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள் அவர் மனைவி வீரம்மா. காலையில் ஆட்களை நிறுத்தி வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குப் போய் நிற்பது அவளுக்கு இருபது வருடப் பழக்கம். கணவன் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

“இதுக்கா மண்டைய ஒடைக்கிறீங்க? எங்க தோட்டத்த மேக்கணக்கு, கீழ்க்கணக்குன்னு ரெண்டாப் பிரிச்சப்ப, யாருக்கு எங்க வேலைன்னு வேலை பிரிக்கிற கண்டாக்கு ஐயாவுக்கே தெரியல. நான் என்ன செஞ்சேன்? மேக்கணக்குப் பெரட்டுல போயி நின்னேன். அங்க வேலை இல்லைன்னா ஓடிப்போயி கீழ்க்கணக்குப் பெரட்டுல நின்னேன். ஒரு நாளாச்சும் எனக்குப் பேரு விழாம இருந்துச்சா? பேசாம ரெண்டு புத்தகத்துலயும் கையெழுத்தப் போடுங்க.”

அவரும் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில் பிறந்து வளர்ந்தவர்தானே. போய் முகத்தைக் காட்டினால் பேர் விழும் என்பதில் அவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. மறுநாளிலிருந்து எட்டரை மணிக்குக் கீழே ஒரு கையெழுத்து, படியேறி மேலே ஒரு கையெழுத்து. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மூன்று மாதமும் ஒரு நாள்கூட லீவு எடுக்காமல், காய்ச்சலோடும் பஸ் ஏறினார். வீட்டுக்காரருக்கு பர்மனன்ட் ஆகப்போகுது என்று வீரம்மா லயம் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

சித்திரையில் பட்டியல்களை ஒட்டினார்கள். மேல்மாடிப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. சரி, கீழேதான் என்று நிம்மதியாக இறங்கினார். கீழேயும் இல்லை. மறுபடியும் மேலே ஏறி வரிவரியாக விரல் வைத்து வாசித்தார். போன வருடம் வந்த காவலாளியின் பெயர்கூட இருந்தது.

“உங்க பேரு கீழ் பதிவேட்டுல தெனமும் இருந்துச்சே,” என்றார் கஜேந்திரன். “ஒரே ஆளு ரெண்டு பட்டியல்ல வரக்கூடாதுன்னு கடிதம். மத்தப் பதிவேட்டுல இருக்கிறவங்கள நம்ம பட்டியல்லயிருந்து எடுக்கணும். கோசலா போட்டிருப்பாங்கன்னு உங்க பேர எடுத்துட்டேன்.”

கோசலாவும் அதே கடிதத்தை வாசித்து அதையே செய்திருந்தாள். அவள் முகம் செத்துப்போயிற்று. “மேல் பதிவேட்டுல உங்க பேர பாத்து சந்தோசப்பட்டேன் அண்ணே.”

“இப்ப யாராச்சும் ஒருத்தர் சேத்துக்க முடியாதா மிஸ்?”

“பட்டியல் மூடியாச்சு. மேன்முறையீடு எழுதுங்க.”

“யாருக்கு எழுதுறது?”

அவள் கடிதத்தை மறுபடி புரட்டிப் பார்த்தாள். “அத இன்னும் அறிவிக்கல.”

பஸ்ஸில் யன்னலோரம் உட்கார்ந்ததும்தான் அவருக்கு ஒரு விஷயம் விளங்கியது. ஒரே புத்தகத்தில் போட்டிருந்தால், அது எந்தப் புத்தகமாக இருந்தாலும், பெயர் வந்திருக்கும். இரண்டாவது கையெழுத்துத்தான் முதலாவதைத் தின்றிருக்கிறது. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் நானுஓயா தாண்டும்வரை அழுதார்.

வீரம்மா கொழுந்து பறிக்க இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் வாசலில் நின்றாள். “எந்தப் பக்கங்க போட்டாங்க? மேலயா, கீழயா?”

உண்மையைச் சொல்ல வாயெடுத்தார். அவளைப் பார்த்தார். சொன்னால் இவள் தாங்கமாட்டாள், ஆயுசு முழுக்கத் தன் வாயையே நொந்துகொண்டிருப்பாள் என்று பட்டது.

“என்னைய வேலைக்கு எடுக்கல வீரம்மா. நான் மேல மட்டுந்தான் கையெழுத்துப் போட்டேன். கீழ போட்டவங்களத்தான் எடுத்தாங்க.”

“அய்யோ, படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! ரெண்டுலயும் போடுங்கன்னு சொன்னேனே! இன்னொரு கையெழுத்துப் போட கை வலிச்சுதா உங்களுக்கு?”

“எந் தப்புதான்,” என்றார் முத்துலிங்கம்.

அவள் அழுதுகொண்டே ஏசினாள், சோறு போடும்போதும் ஏசினாள். ஏசட்டும் என்று அவர் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.